இருநூறு போல்ட்டும் ஒரு வினைச்சொல்லும்

சென்ற மாதம் என் மகள் சங்கீதா ஒரு பட்டியல் அனுப்பினாள். ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் லைனுக்கு லைன் தொடுதிரை வைத்திருக்கிறார்கள். அதிலிருக்கும் பட்டன்களுக்குத் தமிழ்ப் பெயர் எழுதும் பொறுப்பு அவளுக்கு வந்தது. அவள் அதை என்னிடம் தள்ளிவிட்டாள். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. சும்மா இருந்தால் அவள் ஏறிய கம்பெனி பஸ் எங்கே வருகிறது என்று அடிக்கடி போன் செய்வேன். எனக்கு ஒரு வேலை கொடுத்து வைப்பது அவளுக்கும் நல்லது.

பதினான்கு சொற்கள். ஸ்டார்ட், ஸ்டாப், ஹோல்ட் என்று பதின்மூன்றை ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டேன். பதினான்காவது 'மெர்ஜ்'. இரண்டு ட்ரேக்களில் இருக்கும் பொருளை ஒரே ட்ரேயாக மாற்றும்போது அமுக்க வேண்டிய பட்டன். மூன்று நாள் ஆகியும் அந்த இடம் காலியாகவே இருந்தது.

சொல் கிடைக்காமல் இல்லை. தமிழில் இந்த வேலைக்குச் சொற்கள் அதிகம். குழம்பில் உப்பைச் சேர்க்கிறோம். பாலில் தண்ணீரைக் கலக்கிறோம். ரயில் பெட்டியை இணைக்கிறோம். பஞ்சாயத்துக்கு ஊரைக் கூட்டுகிறோம். இணைத்த பெட்டியைக் கழற்றலாம், கூட்டிய ஊர் தானாகக் கலைந்துவிடும். கலந்த பாலை ஒன்றும் செய்ய முடியாது. நான் வேலை பார்த்த இடத்தில் இதில் எதையும் சொல்ல மாட்டார்கள். 'ஒண்ணாக்கு' என்பார்கள். அந்தச் சொல்லைத்தான் எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஏன் என்று மகள் கேட்டாள். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லிவைத்தேன். உண்மையான காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடமும் அப்ரண்டிஸாக ஒரு வருடமும் கழித்தேன். முதலாவதில் அரம் பிடிக்கவும் இரண்டாவதில் டீ வாங்கவும் கற்றுக்கொண்டேன். பிறகு ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருந்த ஒரு சிறிய தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இப்போது போல அன்று அந்தச் சாலையில் வரிசையாகக் கம்பெனிகள் கிடையாது. எங்கள் ஷெட்டுக்கு ஒரு பக்கம் வேர்க்கடலை, மறுபக்கம் காலி இடம். நாங்கள் செய்தது போல்ட். வேனின் ஸ்டியரிங்கைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட், வண்டிக்கு இரண்டு.

இந்த போல்ட்டை உலையில் சிவக்கச் சுட்டு எண்ணெயில் முக்குவார்கள். அப்போது கடினமாகும். ஆனால் அது கண்ணாடியின் கடினம், அடித்தால் உடையும். மறுபடி வேறொரு அடுப்பில் இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால்தான் அந்தக் கண்ணாடித்தனம் போகும். இதற்கு டெம்பர் என்று பெயர். டெம்பர் ஆன போல்ட்டும் ஆகாத போல்ட்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். இரண்டும் கறுப்பு, இரண்டிலும் எண்ணெய். அரத்தால் தேய்த்துப் பார்த்தால் தெரியும். ஆனதில் அரம் கொஞ்சம் கடிக்கும், ஆகாததில் வழுக்கும்.

உலையைப் பார்த்துக்கொண்டவன் கன்னியப்பன். ஒரகடத்துக்காரன், என் வயதுதான். காலையில் நிலத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வேலைக்கு வருவான். உலையிலிருந்து வரும் போல்ட்டை ட்ரேயில் அடுக்கி, ரேக்கில் வைத்து, லோடு ஏற்றுவது என் வேலை. ஒரு ட்ரேக்கு இருநூறு. ட்ரேயில் ஓர் அட்டை தொங்கும். எந்த இரும்பு, எந்த உலை, எந்தத் தேதி என்று அதில் எழுதியிருக்கும்.

எங்கள் இருவருக்கும் மேலே தரப் பரிசோதனை அதிகாரி தேவசகாயம் சார். வாலாஜாபாத்திலிருந்து புல்லட்டில் வருவார். வந்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, அதே கைக்குட்டையின் மறுபக்கத்தால் அரத்தைத் துடைப்பார். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ரேக் முன்னால் நின்று ஒரு ட்ரேயைக் காட்டி, "இவுரு யாரு?" என்பார். அட்டையைப் படித்துச் சொல்ல வேண்டும். "எந்த ஊரு?" என்றால் எந்த உலை என்று அர்த்தம். "எப்ப பொறந்தாரு?" என்றால் தேதி. அட்டை இல்லாத ட்ரேயைப் பார்த்தால் கைகட்டி நின்று, "ஐயா யாருன்னு தெரியலியே, உள்ள எப்பிடி விட்டீங்க?" என்று ட்ரேயின் காதுபடக் கேட்பார். சிரிக்கவும் மாட்டார். புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் அட்டை எழுதுவார்கள்.

1991 அக்டோபர், ஆயுத பூஜை. அதற்கு முந்தின நாள் மின்சாரம் போய், டெம்பர் அடுப்பு பாதியில் நின்றுவிட்டது. எண்ணெயில் முக்கிய தொண்ணூறு போல்ட்டைக் கன்னியப்பன் ஒரு ட்ரேயில் எடுத்து வைத்தான். நிறுத்திவைக்க வேண்டிய சரக்குக்கு மஞ்சள் அட்டை போட வேண்டும் என்பது விதி. மஞ்சள் அட்டை தீர்ந்துபோயிருந்தது. ட்ரேயின் பக்கத்தில் சாக்பீஸால் 'டெம்பர் ஆகல, 90' என்று எழுதி ரேக்கில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். பூஜையன்றும் மறுநாளும் நெற்களத்தில் வேலை என்று வரவில்லை.

ஆயுத பூஜையன்று தொழிற்சாலையில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றையும் கழுவுவோம். முதலாளி வீட்டார் வருவார்கள், தொழிலாளர்களும் குடும்பத்தோடு வருவார்கள். மானேஜர் காலையில் ரேக்கைப் பார்த்துவிட்டு, அரையும் குறையுமாக ட்ரே நிற்பது பூஜை நாளில் நன்றாக இல்லை, எல்லாவற்றையும் ஒன்றாக்கி ரொப்பி வை என்றார். ஈரத்துணியை எடுத்து ட்ரேக்களைத் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு போனது, புழுதி போனது, சாக்பீஸ் எழுத்தும் போனது. துடைத்த இடத்தில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். ஒரு ட்ரேயில் நூற்றுப்பத்து இருந்தது, அதற்கு அட்டை இருந்தது. இன்னொன்றில் தொண்ணூறு, அதற்கு அட்டை இல்லை. கணக்கு அழகாக இருநூறு வந்தது. கொட்டினேன். சரசரவென்று ஒரு சத்தம். நூற்றுப்பத்தின் அட்டையையே மாட்டினேன். தேவசகாயம் சார் அப்போது வாசலில் மாவிலை கட்டுவதற்கு ஏணி பிடித்துக்கொண்டிருந்தார்.

என் மனைவி வசந்தா குன்றத்தூரிலிருந்து குழந்தையோடு பஸ்ஸில் வந்தாள். சங்கீதாவுக்கு அப்போது எட்டு மாதம். பொட்டு வைத்த ட்ரேக்களின் பக்கத்தில் பெஞ்சு போட்டுக் குடும்பங்களை உட்காரவைத்தோம். பொரி, கடலை, வாழைப்பழம், ஓர் எலுமிச்சம்பழம் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். குழந்தை யாரிடமும் அழவில்லை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் முதல் லோடு போனால் வருடம் முழுக்க ஓடும் என்பது மானேஜரின் நம்பிக்கை. அந்த ட்ரேதான் முழுதாக இருந்தது, பொட்டும் பளிச்சென்று இருந்தது. அதையே முதலில் ஏற்றினேன். தேங்காய் உடைத்து அனுப்பினோம்.

அதற்கடுத்த நாள் காலை பத்து மணிக்குக் கன்னியப்பன் ரேக் முன்னால் நின்று இடமும் வலமும் பார்த்தான்.

"ஏழுமல, என் தொண்ணூறு எங்க கீது?"

"எது?"

"டெம்பர் ஆவாதது. சாக்பீஸ்ல எழுதி வெச்சிருந்தனே."

நான் ரேக்கைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு ரேக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். "ஒண்ணாக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

தேவசகாயம் சாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எத்தனை மணிக்கு லோடு போனது என்று கேட்டார். பிறகு போனை எடுத்தார். வேன் செய்கிற கம்பெனியின் ஆபரேட்டர் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். "ஸ்ரீபெரும்புதூர். அவசரம்" என்றார். அந்த வருடம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பேரையும் அவசரம் என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. அரை நிமிடத்தில் பெரிய அதிகாரி லைனுக்கு வந்தார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே சௌகரியம் அது.

சார், நான், கன்னியப்பன் மூவரும் ஒரே புல்லட்டில் போனோம். நடுவில் இருந்த என் மடியில் அரம் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது எங்கள் ட்ரேயிலிருந்து எட்டு வண்டிக்கு மாட்டியிருந்தார்கள். ஏழு வண்டி உள்ளே நின்றது. எட்டாவது வண்டியை டிரைவர் ஒருவர் ஓட்டிப் பார்ப்பதற்கு எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார்.

எப்போது போனார் என்று சார் கேட்டார். கால் மணி ஆச்சு என்றார்கள். எவ்வளவு தூரம் என்றார். இருபது கிலோமீட்டர், நடுவில் ஒரு பாலம், இரண்டு மேடு, அங்கங்கே சட்டென்று பிரேக் போட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார்கள். அன்றைக்குக் கையில் போன் வைத்துக்கொண்டு யாரும் வண்டி ஓட்டவில்லை. எந்தப் பக்கமாகத் திரும்பி வருவார் என்பது அவருக்குத்தான் தெரியும். தேடிப் போனால் வழியில் தவறவிட்டுவிடுவோம் என்று கேட்டிலேயே நிற்கச் சொன்னார்கள்.

நின்றோம். கன்னியப்பன் வேலியோரம் போய் ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். அந்த டிரைவருக்குக் குழந்தை இருக்கிறதா என்று நான் காவலாளியிடம் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ரெண்டு பொண்ணு என்றார். தேவசகாயம் சார் கைக்குட்டையால் அரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

நாற்பது நிமிடம் கழித்து வண்டி வந்தது. டிரைவர் இறங்கி, எங்கள் கும்பலைப் பார்த்து, "இன்னாபா, நமக்கு வரவேற்பா?" என்று கேட்டார். டீ எங்கே என்றும் கேட்டார். அந்த வண்டியைத்தான் முதலில் தூக்கிக் கழற்றினோம். இரண்டில் ஒன்றில் அரம் கடித்தது. இன்னொன்றில் வழுக்கியது. சார் அதை டிரைவரிடம் காட்டவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டிரைவர் டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியைக் கேட்டார். இன்று வண்டி இல்லை என்றோம்.

எட்டு வண்டியிலிருந்து பதினாறு போல்ட். ட்ரேயில் மீதி இருந்தவை. ஒவ்வொன்றாக அரம் போட்டோம். கடித்தது இந்தப் பக்கம், வழுக்கியது அந்தப் பக்கம். கொட்டுவதற்கு ஐந்து விநாடி ஆகியிருக்கும். பிரிப்பதற்கு அன்றைய பகல் முழுக்க ஆனது. என் விரல் நுனியில் தோல் போனது. கடைசியில் எண்ணினோம். நல்லது நூற்றுப்பத்து, சரி. கெட்டது எண்பத்தொன்பது.

மறுபடி எண்ணினோம். எண்பத்தொன்பது.

சார் கன்னியப்பனைப் பார்த்தார். "எண்ணி வெச்சியா, சுமாரா எழுதினியா?"

சுமார் என்று சொல்லியிருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும். எங்கள் இருவர் வேலையும் பிழைத்திருக்கும். கன்னியப்பன் கெட்ட குவியலைக் கையால் ஓரமாகத் தள்ளிவைத்தான். "எண்ணிதான் சார் வெச்சேன். ரெண்டு தபா எண்ணினேன்" என்றான்.

அப்படியானால் ஒன்று எங்கேயோ ஒரு ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கிறது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்த முற்றத்தில் நின்ற வேறு வண்டிகளையும் கழற்றச் சொல்லி சார் கேட்டார். கழற்றினார்கள். மூன்று நாள் அவர்கள் லைன் ஓடவில்லை. எதிலும் கிடைக்கவில்லை. எங்கள் மானேஜர் சாரைக் கூப்பிட்டு, தொண்ணூறும் கிடைத்தது என்று எழுதி மூடிவிடுங்கள் என்றார். சார் எழுதியது இது: 'எண்பத்தொன்பது கிடைத்தது. ஒன்று கிடைக்கவில்லை.' அதன் கீழே கையெழுத்துப் போட்டு, என்னையும் போடச் சொன்னார். அந்த ஒன்று வரும்வரை என்னை வேலையைவிட்டு அனுப்பவும் முடியாது, வேலை கொடுக்கவும் முடியாது என்று மானேஜர் சொன்னார். மூன்று நாளும் ஷெட்டில் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்குப் போனதும் சாப்பிட்டாயிற்று என்பேன். வசந்தாவிடம் எதுவும் சொல்லவில்லை. தூளியில் குழந்தையைப் போட்டு ஆட்டுவேன். அது ஒன்றுதான் என்னால் செய்ய முடிந்தது. ஆட்டும்போதெல்லாம், ரோட்டில் போகும் ஏதோ ஒரு வேனில் ஏதோ ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றும். இன்னும் வேகமாக ஆட்டுவேன். மெல்ல ஆட்டுங்க, தூக்கிப் போட்டுடப் போறீங்க என்பாள் வசந்தா.

மூன்றாம் நாள் சாயங்காலம் குழந்தை தூளியை நனைத்துவிட்டது. துணி மாற்றுவதற்காகத் தூளியை அவிழ்த்து உதறினேன். கீழே 'ணங்' என்று ஒன்று விழுந்தது. உருண்டு போய் அரிசி டின்னில் மோதி நின்றது. தலையில் குங்குமம் இருந்தது.

"அது என்னா?" என்று கேட்டேன்.

"கம்பெனியில குடுத்ததுங்க. பொரிப் பையில இருந்தது. சாமிகிட்ட வெச்ச இரும்பாச்சேன்னு கழுவி, பொட்டு வெச்சு, புள்ளைக்கு அடியில போட்டேன். கொழந்தைகிட்ட இரும்பு இருந்தா நல்லதுதானே?"

கம்பெனியில் பொரிதான் கொடுத்தார்கள். போல்ட்டைக் கொடுத்தவள் சங்கீதா, பெஞ்சில் வசந்தாவின் மடியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து ட்ரேயில் கைவிட்டு எடுத்துத் தாயின் பையில் போட்டிருக்கிறாள். வேறு வழியில்லை. பல்கூட முளைக்காதவளை விசாரிக்கவும் முடியவில்லை. ஊரெல்லாம் தேடிய போல்ட்டின் மேல் மூன்று நாளும் அவளைப் படுக்கவைத்து நானே ஆட்டியிருக்கிறேன்.

மறுநாள் அதைக் கொண்டுபோய் சார் மேஜைமேல் வைத்தேன். அவர் பார்த்தார்.

"இவுரு யாரு?"

"நம்ம ஆளுதான் சார். எங்க வூட்டுல தூளியில இருந்தாரு."

அவர் எழுந்து அரத்தைப் போட்டார். வழுக்கியது. வைஸில் இறுக்கி, சுத்தியலால் ஒரே அடி அடித்தார். பெரிய அடி இல்லை, ஆணி அறைகிற அடி. போல்ட் இரண்டாகத் தெறித்தது. ஒரு துண்டு சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ஓட்டிப் பார்த்த வண்டியில் இதைப் போன்ற ஒன்றுதான் இருந்தது. இருபது கிலோமீட்டர், ஒரு பாலம், இரண்டு மேடு. அந்த டீ டம்ளரைப் பிடித்திருந்த கை என் கண்முன் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் வருகிறது.

சார் பதிவேட்டை எடுத்து, 'ஒன்று கிடைத்தது. மொத்தம் தொண்ணூறு' என்று எழுதினார். எங்கே கிடைத்தது என்ற கட்டத்தில் 'தொழிலாளி வீட்டில்' என்று எழுதி, யோசித்து, 'பத்திரமாக' என்று சேர்த்தார். பிறகு உடைந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"புள்ளைக்கு வெக்கிறதுக்கு இது போதும். பாதி இரும்பும் இரும்புதான்."

எனக்கு வேலை போகவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் வந்தது. எதை எதோடு ஒன்றாக்கினாலும் கொட்டுவதற்கு முன் ஒருவன் ஒரு ட்ரேயைக் காட்டி "இவுரு யாரு?" என்பான். இன்னொருவன் அட்டையைப் படிப்பான். பிறகு மற்றொரு ட்ரேக்கும் அதே கேள்வி. இரண்டுக்கும் பதில் வந்த பிறகுதான் கொட்டலாம். அதிகாரிகள் மாறினார்கள், முதலாளியே மாறினார், கணினி வந்தது. நான் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் கொட்டினேன். கன்னியப்பன் நிலத்தை விற்றுவிட்டு இப்போது வாலாஜாபாத்தில் இருக்கிறான். எங்கே பார்த்தாலும் "ஏழுமல, என் தொண்ணூறு எங்க?" என்றுதான் ஆரம்பிப்பான். நலம் விசாரிப்பது அதற்குப் பிறகு.

அந்தப் பாதி போல்ட் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பொட்டு வைக்கிறேன். அப்பாவின் தொழிலுக்கு மரியாதை என்று சங்கீதா நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இதை எழுதி முடித்ததும் தொழிற்சாலைச் சொற்கள் சரியா என்று பார்க்க அவளிடம் கொடுத்தேன். சோபாவில் உட்கார்ந்து படித்தாள். பாதியில் எழுந்து போய் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து மறுபடி படித்தாள். முடித்துவிட்டு, "அப்ப மூணு நாளு லைனை நிறுத்தினது நான்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். "நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்து என்னால ஒரு நாள்கூட லைன் நின்னதில்லேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன்" என்றாள்.

நேற்று கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் போன் செய்தாள். திரையில் தமிழ் வந்துவிட்டதாம். பதினான்காவது பட்டனுக்கு என்ன பெயர் வைத்தாய் என்று கேட்டேன்.

"ஒன்றாக்குன்னுதான்பா வெச்சேன். ஆனா அமுக்கினா உடனே ஆவாது. மேல ரெண்டு கட்டம் வரும். ரெண்டையும் ரொப்பினாத்தான் வேலை செய்யும்."

"என்ன கட்டம்?"

"இவர் யார், அவர் யார்."

மேலதிகாரிகள் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். முதல் நாள் சிரித்தார்களாம்.